வின்செஸ்டரில் ஒரு மதியச் சாப்பாடு: எந்தப் பழைய பப்பில் உட்காரலாம்?

லண்டன் வாட்டர்லூவிலிருந்து வின்செஸ்டருக்கு ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். காலையில் கிளம்பி, பேராலயத்தைப் பார்த்துவிட்டு, பழைய பப் ஒன்றில் ஆற அமரச் சாப்பிட்டுவிட்டு, இருட்டியதும் வீடு திரும்பலாம். இதில் குழப்பம் வருகிற இடம் பப்தான். பேராலயத்தைச் சுற்றிக் கால்மணி நேர நடைக்குள், வாசலில் நூற்றாண்டுக் கணக்கு எழுதி வைத்திருக்கும் கடைகள் நாலைந்து இருக்கின்றன. எல்லாவற்றிலும் கறுத்த உத்தரம், தாழ்ந்த கூரை, கணப்பு. புகைப்படத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

என் கணக்கில் ஐந்து இடங்கள் போட்டியில் இருக்கின்றன: ராயல் ஓக், எக்லிப்ஸ் இன், ஓல்ட் வைன், விக்கம் ஆர்ம்ஸ், அப்புறம் பப் என்று சொல்ல முடியாத செசில் ரெக்டரி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு வேளைதான் கையில் இருக்கிறது என்றால் விக்கம் ஆர்ம்ஸ். ஆனால் சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், முன்பதிவு செய்யாமல் போகிறவர்களுக்கும் என் பதில் வேறு.

பழமையை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அது சரியான அளவுகோல் இல்லை. இங்கிலாந்தில் 'நாங்கள்தான் மூத்த பப்' என்று சொல்லாத ஊரைக் கண்டுபிடிப்பது கடினம். நாட்டிங்ஹாமில் ஒரு பப்பின் சுவரில் 1189 என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. நாரிச்சில் ஒன்று 1249 என்கிறது. செயின்ட் ஆல்பன்ஸில் இருக்கும் ஒன்று பல காலம் கின்னஸ் புத்தகத்திலேயே இடம் பிடித்திருந்தது. பிறகு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். கட்டடத்தின் வயது ஒன்று, அதில் மது விற்கத் தொடங்கிய ஆண்டு இன்னொன்று, இன்றைக்கு நடத்துகிறவர் வந்து சேர்ந்தது போன வருஷமாகக்கூட இருக்கலாம். பலகையில் எழுதும்போது இந்த மூன்றில் எது பழையதோ அதைத்தான் எழுதுவார்கள்.

வின்செஸ்டரில் இந்தப் போட்டியில் நிற்பது ராயல் ஓக். ஹை ஸ்ட்ரீட்டில், காட் பிகாட் ஹவுஸ் என்ற பதினைந்தாம் நூற்றாண்டு மரச்சட்ட வீட்டின் பக்கவாட்டில் ஒரு குறுகலான சந்து போகிறது. பப் அந்தச் சந்துக்குள் இருக்கிறது. அந்த மனை 1012-இல் எதெல்ரெட் மன்னர் தன் ராணி எம்மாவுக்குக் கொடுத்தது என்பது வரலாறு. அதைப் பிடித்துக்கொண்டு, 'இங்கிலாந்தின் மிகப் பழைய மதுக்கூடம் எங்கள் நிலவறையில்தான்' என்று பப் சொல்லிக்கொள்கிறது. மனை பழையது என்றால் மதுக்கூடமும் பழையதாகிவிடுமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். சந்து அழகாகத்தான் இருக்கிறது, உள்ளே போய் அரை பைன்ட் பீர் குடித்துவிட்டு வரலாம். சாப்பாடு எந்த ஊர் பப்பிலும் கிடைக்கும் பர்கர், மீனும் சிப்ஸும் வகையறா. இருக்கிற ஒரே மதியத்தை இதற்குச் செலவழிக்க வேண்டாம்.

இந்தச் சாப்பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பப்பில் நல்ல சாப்பாடு என்பதே அண்மைக் கால வழக்கம். முப்பது நாற்பது வருஷங்களுக்கு முன் பெரும்பாலான பப்புகளில் ரொட்டி, சீஸ், ஊறவைத்த வெங்காயம், மிஞ்சிப் போனால் ஒரு 'பை' (மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டது) என்ற அளவில்தான் இருந்தது. பெரிய மதுபான ஆலைகளே ஆயிரக்கணக்கில் பப்புகளைச் சொந்தமாக வைத்திருந்தன. 1989-இல் அரசாங்கம் ஓர் ஆணை போட்டு, இரண்டாயிரம் பப்புக்கு மேல் வைத்திருந்த ஆலைகளின் பிடியைத் தளர்த்தியது. நிறைய பப்புகள் கைமாறின. கையில் பெரிய முதல் இல்லாத சமையல்காரர்களுக்கு அது வாய்ப்பானது. 1991-இல் லண்டன் ஃபாரிங்டன் ரோட்டில் டேவிட் அயர், மைக் பெல்பென் இருவரும் 'தி ஈகிள்' பப்பை எடுத்து, பாருக்குப் பின்னாலேயே அடுப்பை வைத்து, கரும்பலகையில் அன்றைய சாப்பாட்டை எழுதி விற்றார்கள். நல்ல சாப்பாட்டுக்குப் பேர்போன பப்புக்கு 'காஸ்ட்ரோபப்' என்ற பெயர் அங்கிருந்துதான் பரவியது. ஆகவே நானூறு வருஷக் கட்டடத்துக்குள் நடப்பது முப்பது வருஷத்துச் சமையல். உத்தரத்தைப் பார்க்காதீர்கள், மெனுவைப் பாருங்கள். போவதற்கு முந்தின வாரம் அவர்கள் இணையதளத்தில் மெனுவைத் திறந்தால் பாதி தெரிந்துவிடும். எட்டுப் பத்து பதார்த்தம், பருவத்துக்கு ஏற்ற காய், பக்கத்து ஊர்ப் பெயர் சொல்லும் இறைச்சி என்றால் உள்ளே யாரோ உண்மையிலேயே சமைக்கிறார்கள். மூன்று பக்கத்துக்கு லசான்யா முதல் சிக்கன் டிக்கா வரை ஓடினால் உறைபெட்டிதான் சமைக்கிறது.

கதைக்காகப் போவதென்றால் எக்லிப்ஸை எதுவும் மிஞ்சாது. பேராலயத்தின் மேற்கு வாசலிலிருந்து ஊருக்குள் போகும் வழியில் 'தி ஸ்கொயர்' என்ற சின்னக் கடைவீதி இருக்கிறது. அதில் ஒரு ஒடுக்கமான வீடு. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள், மாடி கொஞ்சம் தெருவை நோக்கித் துருத்திக்கொண்டிருக்கும். பதினாறாம் நூற்றாண்டில் பக்கத்து செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்தின் குருமனையாக இருந்த வீடு அது.

1685-ஆம் ஆண்டு கோடையில் மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்கு எதிரான மன்மத் கோமகனின் கலகம் செட்ஜ்மூரில் முறியடிக்கப்பட்டது. தப்பி ஓடியவர்களில் இருவருக்கு ரிங்வுட் பக்கத்தில் இருந்த தன் வீட்டில் ஒரு ராத்திரி இடம் கொடுத்தார் ஆலிஸ் லைல் என்ற விதவை. வயது எழுபதை ஒட்டி. நீதிபதி ஜெஃப்ரீஸ் வின்செஸ்டர் கோட்டையின் கிரேட் ஹாலில் அவரை விசாரித்து, உயிரோடு எரிக்கும்படி தீர்ப்புச் சொன்னார். மன்னர் காட்டிய 'கருணை' எரிப்பதைத் தலைவெட்டாக மாற்றியதுதான். செப்டம்பர் 2-ஆம் தேதி சந்தைத் திடலில் அது நிறைவேறியது. கடைசி இரவை அவர் இந்த வீட்டில் கழித்ததாகவும், மாடி ஜன்னல் வழியாகவே நேராகத் தலைவெட்டு மேடையில் இறங்கியதாகவும் ஊரில் சொல்வார்கள். நாலு வருஷம் கழித்து, ஆட்சி மாறிய பிறகு, நாடாளுமன்றம் அந்தத் தண்டனையைச் செல்லாது என்று ரத்து செய்தது. அதனால் அவருக்கு என்ன ஆகப் போகிறது!

தெருவில் நின்று அந்த மாடி ஜன்னலைப் பார்த்தால் போதும், கதை முழுசாக மனதுக்குள் வந்துவிடும். உள்ளே இடம் ரொம்பக் குறைவு. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் கதவோரம் நிற்க வேண்டியதுதான். வெயில் நாளில் வெளியே போட்டிருக்கும் மேஜையில் ஒரு மணி நேரம் உட்காரலாம், அதுவும் கிடைத்தால். எனவே எக்லிப்ஸில் குடிக்கலாம், கதை கேட்கலாம். சாப்பாட்டை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வீதி முடிகிற இடத்தில், கிரேட் மின்ஸ்டர் ஸ்ட்ரீட்டில், ஓல்ட் வைன். பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடம். பேராலய வளாகத்தின் ஓரத்திலேயே இருக்கிறது, மாடியில் தங்கும் அறைகளும் உண்டு. இதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கதை எதுவும் இல்லை. ஆனால் சாப்பாட்டு அறை ஒழுங்காக இருக்கிறது, வின்செஸ்டர் இருக்கும் ஹாம்ப்ஷைர் மாவட்டத்தின் ஏல் (ஒரு வகை பீர்) கிடைக்கிறது, மெனுவில் ஆளுக்கொன்று தேறும். வயசான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால், பேராலயத்திலிருந்து நூறு தப்படியில் நாற்காலி கிடைப்பதற்குத் தனி மதிப்பு உண்டு. முன்பதிவு இல்லாமல் வந்து மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கதவைத் தட்ட வேண்டியதும் இங்கேதான்.

விக்கம் ஆர்ம்ஸுக்குப் போகும் வழியே பாதி காரணம். பேராலயத்தின் தெற்குப் பக்கம் வெளியே வந்தால் குருமார் வீடுகளும் பழைய மதில்களும் சூழ்ந்த அமைதியான வளாகம். அதைக் கடந்து பிரையரி வாசல் வழியாக வந்தால் கிங்ஸ்கேட். ஊரின் மத்தியகாலக் கோட்டை வாசல்களில் இன்று மிச்சமிருப்பவை இரண்டுதான், இது ஒன்று. வாசலுக்கு மேலேயே செயின்ட் ஸ்விதுன் என்று ஒரு குட்டித் தேவாலயம் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துப் படியேறிப் பார்த்துவிட்டு இறங்குங்கள், ஐந்து நிமிஷம்தான் ஆகும். வாசலைத் தாண்டியதும் கிங்ஸ்கேட் ஸ்ட்ரீட்டும் கேனன் ஸ்ட்ரீட்டும் சேரும் முக்கில் செங்கல் கட்டடம். 1755-லிருந்து இருப்பதாகக் கணக்கு. பெயர் வில்லியம் ஆஃப் விக்கம் என்ற ஆயருடையது. 1404-இல் இறக்கும் வரை வின்செஸ்டர் ஆயராக இருந்தவர், 1382-இல் வின்செஸ்டர் காலேஜ் பள்ளியை நிறுவியவர். அந்தப் பள்ளி இன்றும் பக்கத்துத் தெருவில் நடக்கிறது.

பள்ளிக்கும் பப்புக்கும் உள்ள உறவு உள்ளே போனதும் தெரியும். பாரில் மேஜைகளாகப் போட்டிருப்பவை பள்ளியிலிருந்து வந்த பழைய மர டெஸ்குகள். சாய்வான பலகை, மைக்கூடு வைக்கும் குழி, பையன்கள் கத்தியால் கீறி வைத்த எழுத்துகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கோப்பையை வைக்கும்போது சாய்வைக் கவனித்து வையுங்கள். உத்தரத்திலிருந்து நூற்றுக்கணக்கில் பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவைக் கோப்பைகள் தொங்குகின்றன. சுவரில் ஒரு சாண் இடம் காலியில்லாமல் படங்கள், பள்ளி நினைவுப் பொருள்கள், பழைய சாமான்கள். குளிர்காலத்தில் விறகு எரியும் கணப்பு. ஊர்க்காரர்கள் இதை 'தி விக்' என்று செல்லமாகச் சொல்கிறார்கள். பள்ளி ஆசிரியர், வக்கீல், பேராலயத்து ஆள், நாயைக் கூட்டிக்கொண்டு வரும் பக்கத்து வீட்டுக்காரர் என்று உள்ளூர் முகங்கள்தான் அதிகம். சுற்றுலாப் பயணிக்காக ஜோடித்து வைத்த பழமைக்கும், தினமும் புழங்கித் தேய்ந்த பழமைக்கும் உள்ள வித்தியாசம் இந்த அறையில் கண்ணுக்குத் தெரியும். நான் இதை முதலில் வைப்பதற்குக் காரணம் அதுதான்.

சாப்பாடு பப்புக்கும் ரெஸ்டாரன்ட்டுக்கும் நடுவில் நிற்கிறது. பாரில் உட்கார்ந்து பை, சாண்ட்விச் என்று முடித்துக்கொள்ளலாம். சாப்பாட்டு அறையில் மேஜை போட்டு மூன்று சுற்றாகவும் சாப்பிடலாம். மெனு அடிக்கடி மாறும், அதனால் 'இதைக் கேளுங்கள்' என்று ஒரு பதார்த்தத்தை நான் சொல்வது சரியாக இருக்காது. இந்தப் பகுதியில் பொதுவாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பக்கத்து ஆல்ரெஸ்ஃபோர்டில் ஓடும் தண்ணீரில் வளரும் வாட்டர்கிரெஸ் கீரை. கடுகுக் காரம் அடிக்கும், சூப்பாகவோ சாலட்டாகவோ வரும். இன்னொன்று, சுண்ணாம்பு நிலத்து ஓடைகளின் டிரவுட் மீன். இரண்டில் ஒன்று மெனுவில் இருந்தால் யோசிக்காமல் சொல்லுங்கள்.

குறைகளும் உண்டு. ஃபுல்லர்ஸ் நிறுவனத்தின் பப் இது. 2005-இல் ஹாம்ப்ஷைரின் பழைய கேல்ஸ் ஆலையை ஃபுல்லர்ஸ் வாங்கியபோது இந்தப் பக்கத்துப் பப்புகள் கூடவே வந்தன. 2019-இல் ஃபுல்லர்ஸ் தன் மதுபான ஆலையை ஜப்பானின் அசாஹிக்கு விற்றுவிட்டு பப்புகளை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. ஆக, குழாயில் லண்டன் பிரைட் போன்ற தெரிந்த பெயர்கள்தான் முன்னால் நிற்கும். ஹாம்ப்ஷைரின் குட்டி ஆலைகளைத் தேடி வருகிற ஏல் ரசிகர்களுக்கு ஓல்ட் வைனே மேல். அறைகள் சின்னவை, வழி குறுகல், தள்ளுவண்டியோடு நுழைந்தால் எல்லோரும் எழுந்து வழிவிட வேண்டியிருக்கும். விலையும் ஊர்ச் சராசரியை விடக் கொஞ்சம் ஏறத்தான் இருக்கும்.

செசில் ரெக்டரி இட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பேராலயத்திலிருந்து ஒரு பத்துப் பன்னிரண்டு நிமிஷ நடை. பதினைந்தாம் நூற்றாண்டு வீடு; இரண்டு முக்கோண முகப்பு, குனிந்து நுழைய வேண்டிய கதவு. வயதுப் போட்டியில் ராயல் ஓக்கின் நிலவறைக் கதையை விட இந்த வீட்டுக்கு நம்பகம் அதிகம். ஆனால் இது முழு ரெஸ்டாரன்ட். வெள்ளைத் தட்டும் மெல்லிய குரலுமாக இருக்கும். கல்யாண நாள், பிறந்த நாள் என்றால் இதுதான் சரி, மதிய மெனு இரவை விடக் கையைக் கடிக்காது. பப் அனுபவம் வேண்டி வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

குடிக்காதவர்கள் பப்புக்குப் போகலாமா என்று நம்மவர்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். தாராளமாகப் போகலாம். எலுமிச்சை சோடாவோ காபியோ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பாரில் நீங்களே போய்ச் சொல்லி, அங்கேயே காசு கொடுத்து, கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு வர வேண்டும். அதற்கு டிப்ஸ் கிடையாது. சாப்பாட்டு மேஜையில் பரிமாறினால் பில்லில் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கும், பெரும்பாலும் அது விருப்பக் கட்டணம்தான். ஒரு பைன்ட் என்பது 568 மில்லி. அரை, மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என்றும் வாங்கலாம். பீப்பாய் ஏல் நிலவறைக் குளிர்ச்சியில்தான் வரும், பனிக்கட்டி மாதிரி இருக்காது, நுரையும் பொங்காது. அது பழுது இல்லை. 'கொஞ்சம் ருசி பார்க்கலாமா' என்று கேட்டால் ஒரு மிடறு ஊற்றித் தருவார்கள்.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது வேறு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் பெயரை மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது. ஸ்யூட் புட்டிங்கின் மாவில் பழைய முறைப்படி மாட்டுக் கொழுப்பு சேரும். யார்க்ஷைர் புட்டிங்கை மாட்டுக் கொழுப்பில் சுடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கோழி ரோஸ்ட் சொன்னாலும் மேலே ஊற்றும் கிரேவி மாட்டெலும்புச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். சைவம் என்றால் சிப்ஸ் எந்த எண்ணெயில் பொரித்தது, மீன் பொரித்த சட்டியா என்று கேளுங்கள். ஒவ்வாமைத் தகவல் தருவது அவர்களுக்குச் சட்டப்படிக் கடமை என்பதால், இந்தக் கேள்விகளுக்குப் பரிமாறுபவர் முகம் சுளிக்க மாட்டார். சமையலறைக்குள் போய்க் கேட்டுவிட்டு வருவார்.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டத்தை விட அந்தந்தப் பப்பின் வழக்கம்தான் முக்கியம். பெரியவர் கூட இருந்தால் சிறுவர்களை அனுமதிக்கலாம் என்பது சட்டம், அனுமதித்தே ஆக வேண்டும் என்பதில்லை. சில பழைய பப்புகளில் பாருக்குள் விட மாட்டார்கள், சாப்பாட்டு அறையில் மட்டும் விடுவார்கள். சில இடங்களில் சாயங்காலத்துக்கு மேல் கூடாது. போனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் என்றால் நான் விக்கைத் தேர்ந்தெடுக்க மாட்டேன், ஓல்ட் வைன்தான்.

எந்த நாள் என்பதும் எந்தப் பப் என்பதற்குச் சமமான கேள்வி. ஞாயிறு ரோஸ்ட் ஆசை எல்லோருக்கும் இருக்கும். ஆனால் அன்றுதான் பேராலயத்தில் ஆராதனைகள் அதிகம், பப்புகளும் நிரம்பி வழியும், மூன்று மணிக்கு மேல் ரோஸ்ட் தீர்ந்துபோய் வெறும் உருளைக்கிழங்கு மிஞ்சும் அபாயமும் உண்டு. கிழமை நாளில் கூட்டம் குறைவு. ஆனால் நிறையப் பப் சமையலறைகள் மதியத்துக்கும் இரவுக்கும் நடுவில் அடுப்பை அணைத்துவிடும். நம் வழக்கப்படி மூன்று மணிக்குச் சாவகாசமாகப் போனால் சிப்ஸ் பாக்கெட்தான் கிடைக்கும்.

ஆகவே கிழமை நாளில் இப்படி வைத்துக்கொள்வேன். காலையில் ஸ்டேஷனிலிருந்து கிரேட் ஹால்; ஆலிஸ் லைலை விசாரித்த அதே மண்டபத்தில் ஆர்தர் மன்னர் பெயரால் செய்த வட்ட மேஜை சுவரில் தொங்குகிறது. அங்கிருந்து பேராலய முற்றம். மேற்கு வாசலுக்குப் போகும் பாதையோரம் தாமஸ் தெட்சர் என்ற படைவீரனின் கல்லறைக் கல்லைத் தேடுங்கள். 1764 மே 12-ஆம் தேதி, உடம்பு சூடாக இருக்கும்போது குளிர்ந்த, வீரியம் குறைந்த பீரைக் குடித்ததால் ஜுரம் கண்டு இறந்தவன். சூட்டில் குடிப்பதென்றால் நல்ல கெட்டி பீராகக் குடியுங்கள், இல்லாவிட்டால் குடிக்கவே வேண்டாம் என்று தோழர்கள் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பேராலயத்தைச் சுற்றிவிட்டு பன்னிரண்டரைக்கு விக்கில் மேஜை. ஒன்றே முக்காலுக்கு எழுந்தால் இட்சன் ஓரமாகப் புல்வெளிப் பாதையில் அரை மணி நேரம் நடந்து செயின்ட் கிராஸ் அறச்சாலை. 1130-களில் ஆயர் ஹென்றி ஆஃப் ப்ளுவா தொடங்கிய இடம். வாசல் காப்பாளரிடம் கேட்டால், வழிப்போக்கர் தானம் என்ற பழைய வழக்கப்படி சிறு கொம்புக் குவளையில் பீரும் ஒரு துண்டு ரொட்டியும் இன்றும் கொடுக்கிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும், ஞாயிறில் போய் நிற்க வேண்டாம். திரும்பி வந்தால் மாலை ஐந்தரைக்குப் பேராலயத்தில் பாடகர் குழுவோடு மாலை ஆராதனை. பகலில் பார்வையாளர் கட்டணம் வாங்கும் அதே கட்டடத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. பள்ளி விடுமுறைக் காலங்களில் பாடகர் சிறுவர்கள் இருக்க மாட்டார்கள், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓல்ட் வைனை எடுத்தால் இந்தத் திட்டத்தில் பெரிய மாற்றம் இல்லை. மழை நாளில் அதுவே வசதியும்கூட, செயின்ட் கிராஸ் பாதை மழையில் சேறாகிவிடும். ரயிலுக்கு முன் அரை மணி நேரம் மிச்சமிருந்தால் எக்லிப்ஸுக்குக் கொடுங்கள். விக்குக்குச் சனிக்கிழமை என்றால் இரண்டு வாரம் முன்னாலும், ஞாயிறு என்றால் அதற்கும் முன்னாலும் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்யும்போதே பாருக்கா சாப்பாட்டு அறைக்கா என்று தெளிவாகச் சொல்லுங்கள். டெஸ்குகள் பார்ப் பக்கம்தான்.